எல்லா லினக்ஸிலும் கட்டுச்சோறு கிடைக்கும்

ஏனுங்க, இந்தப் பையைச் சித்தெ உங்க பக்கமா நகத்தி வெச்சுக்கட்டுங்களா? பயந்துக்காதீங்க, மாங்காய்தான். ரெண்டு கிலோ. நல்ல புளிப்பாப் பாத்து வாங்கிட்டு வரச்சொல்லி ஊட்டுல ஃபோன். ஊறுகாய்க்கான்னு கேட்டேன். "அதுக்கில்லைங்க, சும்மா கடிக்கறதுக்கு"ன்னா. ரெண்டு கிலோ மாங்காயைச் சும்மா ஆராவது கடிப்பாங்களா? என்னவோ போங்க. நான் சொல்ல வந்தது அது இல்லை.

உங்க பையில பென்குயின் போட்டிருக்குதே, அதைப் பாத்துட்டுத்தான் இத்தனை சீட்டு காலியா இருந்தும் நேரா வந்து உங்க பக்கத்துல உக்காந்தனுங்க. நீங்களும் லினக்ஸ்தானுங்களே? இல்லீங்களா? ஐஸ்கிரீம் கம்பெனிங்களா! அட, பரவாயில்லைங்க. லினக்ஸுக்கும் அதே பறவைதான் அடையாளம். காங்கயம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது, சொல்லிப்போடறேன்.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. தாராபுரத்துல ஒரு ஐ.டி.ஐ.யில கம்ப்யூட்டர் சொல்லித் தர்றேன். ஊடு காங்கயம். கல்யாணமாகி ஒம்பது மாசம் ஆகுது. கல்யாணத்துல கொறை ஒண்ணும் இல்லீங்க. ஆனா இன்னிக்குக் காலையில என்ற சம்சாரம் கோகிலவாணி என்ன பண்ணினா தெரியுங்களா? தொட்டில்ல இருந்த சர்வரைத் தூக்கிக் கீழ வெச்சுப்போட்டா.

ஆமாங்க, தொட்டில்லதான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? சர்வர்னா ஒரு பெரிய கம்ப்யூட்டர் பெட்டி. ராவும் பகலும் ஓடிட்டே இருக்கும். காத்தோட்டம் வேணும். தொட்டில் நல்ல தேக்குத் தொட்டிலு, சுத்தியும் கம்பி கம்பியா சந்து இருக்குது. சங்கிலியில தொங்கறதால எலி ஏறாது. கல்யாணத்தன்னிக்கு அவளோட அத்தை சீராக் குடுத்தது. கல்யாணத்துக்கு எதுக்குத் தொட்டில் குடுத்தாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலைங்க. பெரியவங்க, ஏதோ ஆசையில குடுத்திருப்பாங்க. நானும் வீணாக்காம சர்வரை உள்ள வெச்சேன். ஒம்பது மாசமா ஜம்முனு ஓடிச்சு. இன்னிக்குக் காலையில பாத்தா சர்வர் தரையில கெடக்குது, தொட்டிலைக் கழுவி வெயில்ல காயப் போட்டிருக்கறா. எனக்கு எப்படி இருக்குமுங்க?

இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நீங்க ஐஸ்கிரீம் ஆளு, உங்களுக்குச் சுளுவாப் புரியும். உங்க ஐஸ்கிரீம் எல்லாக் கடையிலயும் கெடைக்குமுங்களா? கெடைக்காது. ஏன்? ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு கம்பெனி பெட்டி வெச்சிருக்கறான். அந்தப் பெட்டியில அவன் சரக்கு மட்டுந்தான். கரெண்டு ஒண்ணுதான், குளுரு ஒண்ணுதான், ஆனாலும் உங்க குச்சி ஐஸை அதுல வெக்க முடியாது. கம்ப்யூட்டரை ஓட்டற இந்த லினக்ஸும் அப்படியேதானுங்க. பேருக்கு லினக்ஸ் ஒண்ணு. அதுல உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச்சுன்னு நூத்துக்கணக்குல வகை. வழங்கல்னு சொல்லுவோம். ஒரு வழங்கலுக்குப் பண்ணின மென்பொருளை இன்னொண்ணுல போட்டா எறங்காது. "எனக்கு அது வேணும், இது வேணும், கூட அவனையும் கூட்டிட்டு வா"ன்னு கேக்கும். சம்மந்தி ஊட்டு ஒரம்பரை சனம் மாதிரி.

சரி, இதுக்கு என்ன வழி? குச்சி ஐஸ் தன்னோட பெட்டியைத் தானே தூக்கிட்டு வந்துட்டா? ஒரு தெர்மாகோல் டப்பாவுல ஐஸ்கட்டி, உப்பு, கரண்டி எல்லாம் சேத்துக் கட்டி, எந்தக் கடைக்குப் போனாலும் ஆரையும் எதிர்பாக்காம இருந்துட்டா? அந்த மாதிரி ஒண்ணு பண்ணினோமுங்க. மென்பொருளுக்கு வேண்டிய அத்தனையும் உள்ளாரயே வெச்சுக் கட்டிர்றது. எந்த லினக்ஸ்ல போட்டாலும் எறங்கணும். நானும் உடுமலைப்பேட்டை சிவசண்முகமும் சேந்து பண்ணினோம். அவரு மர அறுவை மில்லு வெச்சிருக்கறாருங்க. ஆனா கம்ப்யூட்டர்ல கையி பேசும்.

அதுக்கு நான் வெச்ச பேருதானுங்க மொதல் கெரகம். எனக்குத் தமிழ்ல சொன்னாத்தான் ஆகும். இந்த பஸ், ஃபோன், லேப்டாப்புன்னு இங்கிலீசு கலந்து பேசறது எனக்கு ஆகவே ஆகாது. அதனால 'பேக்கேஜ்'ங்கறதுக்குச் சுத்தத் தமிழ்ல 'பொட்டலம்'னு பேரு வெச்சேன். நல்ல பேருதானுங்களே? என்னுங்க, சிரிக்கறீங்க?

போன வருசம் தை மாசம் பொண்ணு பாக்கப் போனோம், கோபிக்கு. நான், எங்கம்மா, எங்கக்கா. பொண்ணோட அப்பா காளியண்ணன். ரிட்டயர்டு எஸ்.ஐ. சர்வீஸ் பூராவும் மதுவிலக்குப் பிரிவு. ஆளு ஆறடி. ஒரே பொண்ணு, அம்மா இல்லை. பதினாலு மாப்பிள்ளை பாத்து பதினாலையும் தாட்டி உட்டிருக்கறாரு. ஒருத்தன் கண்ணு சிவப்பா இருக்குதாம். இன்னொருத்தன் பேசறப்ப மூக்கைத் தொடறானாம். நான் பதினஞ்சாவது.

எல்லாம் நல்லாத்தான் போச்சுங்க. அவரு பண்ணையம் எவ்வளவுன்னு கேட்டாரு, சொன்னேன். வேலை என்னன்னு கேட்டாரு, சொன்னேன். பொண்ணும் வந்து ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிருச்சு. வெண்ணெய் தெரண்டு வர்ற நேரம். அப்பப் பாத்து சிவசண்முகம் ஃபோன் பண்ணிப்போட்டாரு. எடுக்காம இருக்க முடியுங்களா? வெளியீட்டு நாள் அன்னிக்கு.

எங்கிட்ட ஒரு பழக்கங்க, ஃபோன்ல சத்தமாத்தான் பேசுவேன். "சொல்லுங் சிவசண்முகம். பொட்டலம் போய்ச் சேந்துச்சா? அந்தக் காலேஜ்லயா? எத்தனை பேரு, அம்பதா? அம்பது பேருக்கும் குடுங்க. காசெல்லாம் வாங்காதீங்க. ஒருக்கா பழகிட்டாங்கன்னா அப்பறம் அவங்களே உட மாட்டாங்க"ன்னு சொல்றேன். எங்கக்கா என்னைய இடிக்கறா. நான் கவனிக்கலை. "ஃபெடோராவுலதான் சிக்கல். அங்க காவல் ஜாஸ்தி, பொட்டலத்தை உள்ளாரயே உட மாட்டேங்கறான். வேற வழியில நொழைக்கப் பாப்போம்"னு சொல்லிட்டு வெச்சேன்.

காளியண்ணன் மொள்ளமா எந்திரிச்சாரு. போயிக் கதவைச் சாத்துனாரு. திரும்பி வந்து உக்காந்தாரு.

"மாப்ளே, எத்தனை வருசமா இந்தத் தொழிலு?"ன்னாரு.

"தொழில் இல்லீங்க மாமா, சேவை"ன்னேன்.

"எங்கெங்க கெடைக்கும்?"

"எல்லாப் பக்கமும் கெடைக்கோணும்ங்கறதுதானுங்க எங்க லட்சியமே. இப்போதைக்கு மூணு எடத்துல."

"உள்ளார என்ன வெச்சுக் கட்டுவீங்க?"

"எல்லாமே வெச்சுருவமுங்க. வாங்கறவன் வேற எதையும் தேடி அலையக் கூடாது பாருங்க."

"போலீசு பயம் இல்லையா?"

"எதுக்குங்க? இது கட்டற்றது. ஆரு வேணா எடுத்துக்கலாம், பக்கத்துல இருக்கறவனுக்கும் குடுக்கலாம். அதுதான் எங்க கொள்கை"ன்னேன்.

அவரு எங்கம்மாவைப் பாத்தாரு. எங்கம்மாவும் பெருமையா, "ஆமாங்ணா, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு ரூமுக்குள்ளயே உக்காந்து கட்டுவானுங்க"ன்னாங்க. பெத்த தாயி சர்டிபிகேட்டு குடுத்தா அதுக்கு மேல என்னங்க வேணும்? அவரு ஃபோனைக் கையில எடுத்தாரு. ஆருக்கோ நல்ல சேதி சொல்லப் போறாருன்னு நெனைச்சேன்.

அப்பத்தான் கோகிலவாணி உள்ளார இருந்து லேப்டாப்போட வந்தா. "அப்பா, ஃபோனை வெய்யிங்க. இவரு சொல்றது கம்ப்யூட்டர்ல போடற மென்பொருளு"ன்னா. அவரு அதை நம்பலை. "கம்ப்யூட்டர்லயும் வந்துருச்சா?"ன்னு கேட்டாரு பாருங்க! அப்பறம் அவ ஒரு கால் மணி நேரம் பொறுமையாச் சொல்லிக் குடுத்தா. அவ காங்கயத்துல பாலிடெக்னிக்ல வாத்தியாருங்க. அதைத் தரகர் எங்ககிட்டச் சொன்னாரு. அவளும் லினக்ஸ்காரிங்கறதை ஆருமே சொல்லலை. எனக்கு அப்படியே உச்சி குளுந்துபோச்சு. பத்துப் பொருத்தமும் பாத்தாங்க, பதினொண்ணாவது பொருத்தம் தானா வந்துருச்சேன்னு.

அவ நேரா எம்பக்கம் திரும்பினா. "உங்க இணையப் பக்கத்துல 'எல்லா லினக்ஸிலும் கிடைக்கும்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறீங்க. என்னுது ஃபெடோரா. இப்பத்தான் போட்டுப் பாத்தேன், எறங்கலை. 'எங்கெங்கு கிடைக்கும்'னு ஒரு பட்டியலு வெச்சிருக்கறீங்க. அதுல மூணுக்குத்தான் டிக்கு. மிச்சம் அத்தனைக்கும் 'விரைவில்'. எல்லான்னா மூணுதானுங்களா?"

"விரைவில்னா விரைவில்தானுங்க"ன்னேன்.

"பொய் சொல்ற ஆளைக் கட்டிக்க மாட்டனுங்க"ன்னா, அவங்கப்பா முன்னாலயே. "ஒண்ணு, 'எல்லா'ங்கறதை அழிச்சுப் போடுங்க. இல்லைன்னா ஃபெடோராவுல ஓட வெச்சுட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

எனக்கு வயசு முப்பத்தி நாலுங்க அப்ப. அதுவரைக்கும் ஒரு பொம்பளையும் என்ற மென்பொருளை எறக்கிப் பாத்ததே இல்லை. எங்கக்காகூட "அப்பறம் பாக்கறேன்"னுதான் சொல்லுவா. இவ முதல் சந்திப்புலயே எறக்கிப் பாத்து, எறங்கலைன்னும் சொல்றா! கட்டினா இவளைத்தான் கட்டறதுன்னு அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். 'எல்லா'வை அழிக்கறதுன்னா ஒரு நிமிச வேலைங்க. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குதே.

ஃபெடோராவுல என்ன சிக்கல்னா, அதுக்குள்ளாரயே ஒரு காவல்காரன் உண்டுங்க. எது வந்தாலும் நம்ப மாட்டான். இவன் ஏன் அந்த அறைக்குப் போறான், அந்தக் கோப்பை ஏன் தொடறான்னு தடுத்துட்டே இருப்பான். அப்படியே அவங்கப்பா மாதிரி. நம்ம பொட்டலத்துக்குள்ள என்னென்ன இருக்குது, எது எது எங்கெங்க போகும்னு வெவரமா எழுதிக் காமிச்சாத்தான் வழி உடுவான். அந்த வெவரம் எழுதறதுக்குத்தான் கோகிலாவும் நானும் மெயில் அனுப்ப ஆரம்பிச்சோம். தை, மாசி, பங்குனி, சித்திரை. நான் ஒண்ணு எழுதி அனுப்புவேன். அவ போட்டுப் பாத்துட்டு, "எறங்கலைங்க. பதினேழாவது வரியில தப்பு. சாப்பிட்டீங்களா?"ன்னு பதில் போடுவா. அந்த 'சாப்பிட்டீங்களா'வை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. வைகாசியில எறங்கிருச்சு. ஆனா ஓடலை. ஆனியில ஓடிச்சு, ஆனா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது. இருந்தாலும் ஓடிச்சு!

அன்னிக்கே கோபிக்கு ஃபோன் போட்டு மாமாகிட்டப் பேசினேன். "ஃபெடோராவுல பொட்டலம் எறங்கிருச்சுங்க மாமா. காவல்காரனைச் சரிக்கட்டிட்டோம்"னேன். அவரு "ம்"ன்னாரு. கல்யாணத்தைப் பத்திக் கேட்டா, "ஆடி வருது. ஆவணி பாக்கலாம். பொரட்டாசி ஆகாது. ஐப்பசியில எனக்கு மூட்டு வலி"ங்கறாரு. கம்ப்யூட்டருன்னு சொன்னாலும் அவரு மனசுல பொட்டலம் பொட்டலமாத்தான் இருந்துச்சு. எங்க ஊருக்கே ஆளனுப்பி என்னையப் பத்தி விசாரிச்சிருக்கறாருங்க. நான் துணி துவைக்கற சோப்பு வாங்கின கடை வரைக்கும்.

கோகிலா ஃபோன்ல பெருமூச்சு உட்டா. "இதுக்கு மேலயும் எங்கப்பாவை நம்பிட்டிருந்தா நமக்கு நேரா அறுவதாங்கல்யாணந்தானுங்க"ன்னா. அழற மாதிரி இருந்துச்சு கொரலு. அப்பறம், "ஏனுங்க, மொதல்ல அந்தப் பேரை மாத்துங்க"ன்னா.

நான் 'பொதி'ன்னேன். அது கழுதை சொமக்கறதுன்னா. 'மூட்டை'ன்னேன். மூட்டைப்பூச்சி ஞாபகம் வருதுன்னா. "உங்களுக்கு இந்த ரோசனையே எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டா. நான் சொன்னேன். எங்கக்கா முழுகாம இருந்தப்ப, ஏழாம் மாசம், அவ மாமியா ஊட்டுக்கு நாங்க கட்டுச்சோறு கொண்டுட்டுப் போனோம். எங்க பக்கத்து வழக்கமுங்க அது, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறுன்னு கட்டிக் கொண்டுபோயி, விருந்து வெச்சு, வயித்துப் புள்ளத்தாச்சியைப் பெறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வர்றது. நான் அங்க உக்காந்து சாப்பிட்டுட்டே பாக்கறேன். சோறு, ஊறுகாய், அப்பளம், எலை, கரண்டி வரைக்கும் எல்லாம் நாங்களே கொண்டு போயிருக்கறோம். அவங்க ஊட்டு அடுப்பை எதிர்பாக்கவே இல்லை. அட, மென்பொருளையும் இப்படிக் கட்டினா என்னன்னு தோணுச்சு.

"அப்ப அதுதான் பேரு. கட்டுச்சோறு"ன்னா கோகிலா. சொல்லிட்டு ரொம்ப நேரம் சிரிச்சா. எதுக்குன்னு கேட்டேன். "நல்ல பேரு, அதான்"னா.

அப்பறம் அவளே ஒரு வழியும் சொன்னா. "எங்க அத்தை ரங்கநாயகிக்கு மொதல்ல சேதி சொல்லுங்க. அத்தைக்குச் சொன்னா கோபிக்கே சொன்ன மாதிரி. நீங்களாப் பேசினா ஒளறுவீங்க. நான் எழுதித் தர்றேன், வாட்ஸப்ல அப்படியே படிச்சு அனுப்புங்க"ன்னா. எழுதியும் அனுப்பினா. எனக்கு இன்னும் மனப்பாடமுங்க.

"அத்தை, நான் தெய்வசிகாமணி. எனக்கும் கோகிலாவுக்கும் ஒரு சந்தோசமான சேதி. கட்டுச்சோறு வெக்கற நேரம் வந்துருச்சு. இது ஏழாம் மாசம். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணினோம், அதனால ரெண்டு பேருக்கும் பொறுப்பு இருக்குது. பொரட்டாசியில வெளிய வந்துரும். மாமாகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லோணும்."

எப்படி எழுதியிருக்கறா பாத்தீங்களா? ஒரு இங்கிலீசு வார்த்தை உண்டுங்களா? ஒரு பொய் உண்டுங்களா? தையில ஆரம்பிச்சோம், ஆடி ஏழாம் மாசம். பொரட்டாசியில வெளியீடுன்னு முடிவு பண்ணியிருந்தோம். அத்தனையும் நெசம். பொய்யே ஆகாதுங்க அவளுக்கு.

நான் அனுப்பி ரெண்டு நிமிசம் ஆகலை, அத்தை ஃபோன் பண்ணிட்டாங்க. மூச்சு வாங்குது.

"ஏஞ்சாமி, நெசந்தானா? ஏழு மாசமா?"

"ஆமாங்க அத்தை."

"பாத்தா ஒண்ணுமே தெரியலையே! போன தடவை வந்தப்பகூட ஒல்லியாத்தான இருந்தா?"

"எல்லாம் உள்ளாரதானுங்க அத்தை நடக்கும். வெளியில ஒண்ணுமே தெரியாது. அதுதான் இதுல சிறப்பே"ன்னேன். அவ எதுக்கு ஒல்லியா குண்டான்னு கேக்கறாங்கன்னு புரியலை. வேலை ஜாஸ்தி ஆகி எளைச்சுட்டாளோன்னு கவலை போல.

"ஆருகிட்டயாவது காட்டறீங்களா, இல்லையா?"

"உடுமலை சிவசண்முகந்தானுங்க பாத்துக்கறாரு. தெனமும் சோதனை பண்ணிச் சொல்லிர்றாரு."

"ஆம்பளை டாக்டரா?"

"டாக்டரெல்லாம் இல்லீங்க அத்தை. மர அறுவை மில்லு வெச்சிருக்கறாரு."

அத்தை ஃபோன் கீழ விழுந்துருச்சுங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

அதுக்கு மக்யா நாளு காலையில எங்க ஊட்டு முன்னால கார் வந்து நிக்குது. மாமாவும் அத்தையும். மொதல்ல எல்லாம் மாமா என்னையக் கஞ்சா கேசு மாதிரி பாப்பாரு. அன்னிக்குப் பாத்த பார்வை வேற ஏதோ கேசு. எங்கம்மாகிட்ட ஒரே வார்த்தைதான் பேசினாரு: "எட்டு நாள்ல கல்யாணம். கோயில்ல வெச்சுக்கலாம். கூட்டம் வேண்டாம்."

எங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "ஏனுங்ணா, ஆடி மாசமுங்க இது"ன்னாங்க. "ஆடியோ கீடியோ, நடத்தறோம்"னாரு. ஆடியில ஆராவது கல்யாணம் பண்ணுவாங்களா? நீங்க கேள்விப்பட்டிருக்கறீங்களா? ஆனா அவிய பண்ணினாங்க. வெளியீட்டுக்கு முன்னால கல்யாணம் முடிஞ்சுரோணும்னு நெனைச்சிருக்கறாங்க. தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு மரியாதை குடுக்கற குடும்பத்தை நான் பாத்ததே இல்லைங்க.

கோகிலாகிட்ட அவரு ஃபோன்ல கேட்டாராம், "அந்த ஆளு சொல்றது நெசமா?"ன்னு. அவ, "அவரு சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைங்கப்பா"ன்னு மட்டும் சொல்லியிருக்கறா. அப்ப அவ காங்கயம் ஹாஸ்டல்ல இருந்தா. பரிச்சைப் பேப்பர் திருத்தற நேரம், ரெண்டு மாசமா ஊட்டுக்கே போகலை. வீடியோவுல வான்னாராம், ரேஞ்சு இல்லைன்னுட்டா. இல்லைங்க, அங்க நெசமாவே ரேஞ்சு இருக்காது.

கல்யாணத்தன்னிக்கு ஒரே கூத்து. அவசரத்துல அண்டாவுலகூட கை போகாதும்பாங்களே, அந்தக் கதைதான். தாலி கட்டற நேரத்துல மாலையைக் காணோம். அத்தை என்னடான்னா நிமிசத்துக்கு ஒருக்கா கோகிலாகிட்ட வந்து, "நிக்காதே கண்ணு, உக்காரு. குனியாதே கண்ணு. படி ஏறாதே கண்ணு"ங்கறாங்க. எல்லாப் பொம்பளைகளும் வந்து அவ மூஞ்சியைப் பாக்காம பட்டுச்சேலையையே பாக்கறாங்க, இடுப்புப் பக்கமா. நல்ல சேலைதான், நான் எடுத்தது. கோகிலா தலையைக் குனிஞ்சுட்டே உக்காந்திருந்தா. வெக்கம்னு நெனைச்சேன். கிட்டப் பாத்தா தோளு குலுங்குது. சிரிப்பு. கல்யாண சந்தோசம்.

பொரட்டாசி பொறந்துச்சு. சொன்ன தேதியில வெளியிட்டோமுங்க. மாமாவும் அத்தையும் அன்னிக்குக் காலையிலயே ஃபிளாஸ்க்கு, துண்டு, விளக்கெண்ணெய் எல்லாம் எடுத்துட்டு வந்துட்டாங்க. விளக்கெண்ணெய் எதுக்குன்னு எனக்குத் தெரியலை. கோகிலா கதவைத் தொறந்து, அவங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, லேப்டாப்பைத் தொறந்தா. "அப்பா, இதுதானுங்க கட்டுச்சோறு. ஃபெடோராவுல ஓடுது பாருங்க. பட்டியல்ல இப்ப பதினோரு டிக்கு"ன்னா.

மாமா திரையைப் பாத்தாரு. மகளைப் பாத்தாரு. அவ வயித்தைப் பாத்தாரு. மறுபடியும் திரையைப் பாத்தாரு. அப்பறம் திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க, ஆறடி ஆளு சுருண்டு உழுந்து சிரிக்கறாரு, கண்ணுல தண்ணியாக் கொட்டுது. "முப்பத்தஞ்சு வருச சர்வீஸ்ல என்னை ஒருத்தனும் இப்படி ஏமாத்துனதில்லை"ன்னு மகளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. ஏமாத்தினதா எதுக்குச் சொன்னாருன்னு தெரியலை, பதினோரு டிக்கும் உண்மையானதுதான். என்ற மென்பொருளைப் பாத்துக் கண்ணீர் உட்டவரு உலகத்துலயே அவரு ஒருத்தருதானுங்க. அன்னிக்கு இருந்து என்னைய மாப்ளே மாப்ளேன்னு உசுரா இருக்கறாரு. அத்தைதான் பாவம், ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அவ்வளவு நல்லவளுங்க கோகிலா. அவளா இப்ப இப்படிப் பண்றாங்கறதுதான் எனக்கு வருத்தம்.

ஊதியூர் தாண்டிருச்சுங்களா? சரி, சுருக்கமாச் சொல்லிர்றேன். காலையில சர்வரைக் கீழ வெச்சதுக்குக் கோவிச்சுட்டு நான் வேலைக்கு வந்துட்டேன். மத்தியானம் ஃபோன் பண்ணினா. "கோவமா?"ன்னா. "பின்ன இல்லையா, அதைய எதுக்கு எறக்கினே?"ன்னேன். "தொட்டில் வேணும், அதான்"னா. என்ன வேலைக்குன்னு கேட்டா, "கட்டுச்சோறு அடுத்த பதிப்பு வருதுங்க"ங்கறா!

எனக்கு எப்படி இருக்கும்? அடுத்த பதிப்பு! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம! "எப்ப ஆரம்பிச்சே?"ன்னேன். "இது ரெண்டாம் மாசம்"னா. "வெளியீடு எப்ப?" "கார்த்திகையில." தேதி வரைக்கும் முடிவு பண்ணிட்டா பாருங்க! எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. "நான் இல்லாம நீ எப்படி ஆரம்பிக்கலாம்?"னு கத்திட்டேன். ஐ.டி.ஐ. பூராவும் திரும்பிப் பாக்குது. அவ சிரிக்கறா. "நீங்க இல்லாம எப்படிங்க ஆரம்பிக்கறது?"ங்கறா.

கேக்கறதுக்குக் கேள்வியா இது? நான் ஒரு வரிகூட எழுதலை. சிவசண்முகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன், அவரும் எழுதலையாம். "டெபியன்லயா ஃபெடோராவுலயா, எதுல மொதல்ல வரும்?"னு அவகிட்டயே கேட்டேன். "பொண்ணோ பையனோ, எது வந்தாலும் சரிங்க"ன்னுட்டு ஃபோனை வெச்சுட்டா. அவளுக்கு இந்த மாதிரி விளையாட்டுப் பேச்செல்லாம் எப்பவுமே…

…

ஏனுங்க.

ஒரு நிமிசம் இருங்க. ரெண்டாம் மாசம்னா. கார்த்திகைன்னா. தொட்டிலு… நீங்க எதுக்குங்க அந்த மாங்காயையே பாக்கறீங்க?

…

அட சாமி.

அட என்ற சாமி! சித்தெ இந்தப் பையைப் புடிங்க, நான் எந்திரிக்கறேன். எனக்கு… எனக்குத் தெரியவே இல்லைங்க. நான் கத்திப்போட்டேனுங்க அவகிட்ட! டெபியனா ஃபெடோராவான்னு கேட்டுப்போட்டேனுங்க! அப்ப அன்னிக்கு ஆடியில அத்தனை அவசரமா… அத்தை விளக்கெண்ணெய்… அட, அதெல்லாம் கெடக்குது, அப்பறமா ஒக்காந்து ரோசிச்சுக்கறேன்.

டிரைவரண்ணா! டிரைவரண்ணா, சித்தெ அழுத்தி ஓட்டுங்க! ஊட்டுல கட்டுச்சோறு… இல்லைங்ணா, பசிக்கெல்லாம் இல்லை, நீங்க ஓட்டுங்க!